மூன்றாவது கயிற்றுக்காரர்

சிரில் பூத் தொலைக்காட்சியில் ஏழு வருடம் வந்தார். ஏழு வருடத்துக்கும் சேர்த்து அவர் பேசியது ஒரே ஒரு வசனம்.

தொடரின் பெயர் ‘கயிற்றை விடாதே’. எங்கள் வயதுக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. சண்டைக் காலத்தில் ஜெர்மன் விமானங்கள் தாழப் பறக்க முடியாதபடி வானத்தில் யானை யானையாகப் பலூன்களைக் கட்டி விட்டிருந்தார்கள். அப்படி ஒரு பலூனைக் காவல் காக்கும் எட்டுப் பேர், அவர்களை மேய்க்கும் ஒரு கார்ப்பரல், சொன்ன பேச்சு கேட்காத பலூன். இதுதான் கதை. ஒரு வாரம் அது தேவாலயக் கோபுரத்தில் மாட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் மேயர் மனைவியின் உள்பாவாடையைக் கொடியோடு கிளப்பிக்கொண்டு போகும். கார்ப்பரலுக்கும் முதல் இரண்டு கயிற்றுக்காரர்களுக்கும்தான் வசனம். மற்ற ஆறு பேர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரில் மூன்றாவது கயிறு. அவர் கயிற்றின் மறுமுனையில் பலூனே கிடையாது, ஒரு லாரி ஓட்டுநர் நின்று இழுத்துக்கொண்டிருப்பார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வெளிப்புறக் காட்சிகளை எங்கள் ஸ்கெல்பி கடற்கரையில்தான் எடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் ஓய்வுக்குப் பிறகு சிரில் இங்கேயே வந்து தங்கினார். எழுபத்தொன்பது வயதில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு வந்தார். உயரமான மனிதர், பெரிய பாதம், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, நுரையீரலுக்கு ஒரு பம்ப். பிறகு சிறியதாக ஒரு பக்கவாதம் வந்ததில் விழுங்குவது சிரமமாகிவிட்டது. டீயில்கூட கெட்டியாக்கும் மாவு கலந்துதான் கொடுக்க வேண்டும். தண்ணீராகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது புரிய இது வேண்டும்.

துணை நடிகர்களின் தொழிலில் ஒரு விதி உண்டு. பின்னால் நிற்பவர்கள் சும்மா நிற்கக் கூடாது. தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பது போலத் தெரிய வேண்டும். ஆனால் சத்தம் வரக் கூடாது. முன்னால் பேசுகிறவரின் வசனத்தில் அது விழுந்துவிட்டால் அடுத்த வாரம் வேலை இல்லை. அதனால் வாயை அசைப்பார்கள், சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், ஒரு முனகல்கூட வெளியே வராது. சிரில் இதில் மன்னர். சாப்பாட்டு மேசையில் ஒருமுறை ஒலிவ் கிழவியின் எதிரே உட்கார்ந்து நீளமாக எதையோ ‘பேசினார்’. ஒலிவ் காது மெஷினைக் கழற்றித் தட்டினாள், ஊதினாள்.

“நோரீன்! இதுல பேட்டரி போச்சுடி! பாரு, ஒண்ணும் கேக்கல!”

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு ஒலிவ். அவரு சத்தமே போடல,” என்றேன் நான்.

“யோவ் கயித்துக்காரரே! உமக்குக் கொழுப்பாய்யா? நான் செவிடாயிட்டேன்னு நெனச்சுப் பயந்தே போனேன்.”

“நீ எப்பம்மா மத்தவங்க பேசறதக் கேட்ட? பேட்டரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றார் சிரில்.

மேசை முழுக்கச் சிரித்தது. இந்த விளையாட்டை மாதம் ஒருமுறையாவது காட்டுவார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை. கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

இப்போது அந்த ஒரே வசனத்துக்கு வருகிறேன்.

சிரில் வட இங்கிலாந்தில் பேட்லி என்ற ஊரில் கம்பளி ஆலைத் தொழிலாளி மகனாகப் பிறந்தவர். பேருந்தில் நடத்துநராக இருந்தார். ஊர் நாடகக் குழுவில் போலீஸ்காரர், பாதிரியார், பிணம் எல்லாம் நடித்தார். முப்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு லண்டனில் ஒரு ஏஜென்சியில் பெயர் கொடுத்தார். மனைவி ஈனிட் தையல் வேலை செய்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒரே மகள், க்ளெனிஸ். சிரில் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுவார், வெள்ளிக்கிழமை திரும்புவார்.

1973-இல் ஈனிடுக்கு மார்பில் புற்றுநோய். எலும்பு வரை போய்விட்டது. அந்த வருடம் மார்ச்சில்தான் எழுத்தாளர் ஒருவர் மனம் வைத்து மூன்றாவது கயிற்றுக்காரருக்கு ஒரு வசனம் எழுதினார். வியாழக்கிழமை மாலை ஏழரைக்கு, பார்வையாளர்கள் முன்னால் பதிவு. மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: உடனே வாருங்கள். இரண்டு மணிக்கு லீட்ஸ் ரயில் இருந்தது. அதைப் பிடித்திருந்தால் ஆறுக்குள் கட்டிலருகே இருந்திருப்பார்.

அவர் பிடிக்கவில்லை. இருந்து, வசனத்தைப் பேசி, கைதட்டல் வாங்கிக்கொண்டு, ஒன்பது மணி ரயிலில் ஏறினார். ஈனிட் ஏழு ஐம்பதுக்கு இறந்துவிட்டாள். பக்கத்தில் பதினான்கு வயது க்ளெனிஸ் மட்டும்.

அந்த வாரப் பகுதி ஒரே ஒருமுறை ஒளிபரப்பானது. அன்று வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை, துக்க வீடு. அதன்பின் அந்தப் பதிவு நாடாவை அழித்து அதிலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். அப்போதெல்லாம் நாடா விலை அதிகம், அப்படித்தான் செய்வார்கள். ஆக, சிரில் பூத் வாய் திறந்து பேசியதற்கு உலகத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

க்ளெனிஸ் வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு வருவாள். லீட்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்கு மேற்பார்வையாளர். மேல்கோட்டைக் கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒருமுறை வாசலில் என்னிடமே சொன்னாள்.

“எங்கம்மா உயிர் போறப்ப அந்த ஆளு கயித்தப் பிடிச்சிட்டு நின்னாரு. வசனம் இருந்துச்சாம். எந்த வசனம்? யாரு கேட்டா? நான் கேக்கல.”

சிரிலிடம் அதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். அவளிடம் நாற்பது வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: “எனக்கு அன்னைக்கு ஒரு வசனம் இருந்துச்சு கண்ணு.” அவள் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டால் போதும், தான் ஏன் போகவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும் என்று அந்த மனிதர் உறுதியாக நம்பினார்.

2014-இல் ‘கயிற்றை விடாதே’யைப் புதிதாகச் சினிமாவாக எடுக்கப் போகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. பழைய நகைச்சுவைத் தொடர்களைப் படமாக்குவது அந்தச் சமயத்தில் தொற்றுநோய் மாதிரி பரவியிருந்தது. பழைய முகங்கள் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களுக்கு ஒரு மூலையில் இடம் கொடுப்பது இந்தப் படக்காரர்களின் வழக்கம். தெருவில் போகிறவர், மதுக்கடையில் உட்கார்ந்திருப்பவர் என்று எதையாவது கொடுப்பார்கள். பார்க்கிறவர்கள் அடையாளம் கண்டு கைதட்டுவார்கள். கார்ப்பரல் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் கயிறு, இரண்டாவது கயிறு, எட்டாவது வரை எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சம் மூன்றாவது மட்டும்.

படக்குழுவிலிருந்து ஃப்ளோரா என்ற பெண் வந்தாள். கையில் ஒரு கோப்பு, காலில் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். சிரிலின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன செய்ய ஆசை, சொல்லுங்க மிஸ்டர் பூத்,” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து கையசைக்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்திருப்பாள்.

“வசனம் வேணும்.”

“ஓ... எந்த மாதிரி?”

“பழைய வசனம். என்னோடது. பலூன் அறுத்துட்டுப் போயிடும். கார்ப்பரல் வந்து, என்னய்யா ஆச்சுன்னு கத்துவாரு. நான் சொல்லணும்: ‘கயிறு இருக்கு கார்ப்பரல். பலூனத்தான் காணோம்.’”

ஃப்ளோரா உரக்கச் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரித்தாள். இயக்குநர் பியர்ஸுக்கு அங்கேயே போன் போட்டாள். படத்தில் அப்படி ஒரு காட்சி ஏற்கனவே இருந்தது. கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரின் கையில் பலூன் கயிறு சிக்கிக்கொள்வதாக மாற்றினால் வசனம் பொருந்திவிடும். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

அன்று மாலையே சிரில் என்னிடம், “க்ளெனிஸுக்கு போன் போட்டுக் குடு நோரீன்,” என்றார். போட்டுக் கொடுத்தேன். எதிர்முனையில் அவள் என்ன சொன்னாளோ, அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. “படம் வந்ததும் நீ வரணும் கண்ணு. இத ஒண்ணுதான் கேக்கறேன். வேற எதுவும் கேக்க மாட்டேன். காதால கேட்டுட்டுப் போ.”

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். காலையில் சவரம் செய்யும்போது சொல்வார், சாக்ஸ் மாட்டும்போது சொல்வார். என்னைக் கார்ப்பரலாக நிறுத்திக் கத்தச் சொல்வார். நான் கத்துவேன். அவர் ஒரு மூச்சு நிறுத்தி, கையை விரித்து, “கயிறு இருக்கு கார்ப்பரல்...” என்று ஆரம்பிப்பார். நன்றாகத்தான் இருந்தது. கணீரென்ற குரல். பக்கத்து அறையிலிருந்து ஒலிவ் சுவரைத் தட்டி, “பலூன் கெடைச்சா என் ரூமுக்கு அனுப்புங்கய்யா, ஜன்னலத் தொறந்தே வெச்சிருக்கேன்!” என்று கத்துவாள்.

அக்டோபர் கடைசியில் படப்பிடிப்பு. நல்ல காற்று, கடல் பழுப்பாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு கம்பளி உடுப்பு, மேலே அவர்கள் கொடுத்த பழைய காலத்துக் கோட்டு, முழங்காலில் போர்வை என்று சிரிலைக் கட்டி உட்கார வைத்தேன். கோட்டுக்குள் சின்ன மைக் ஒன்றைப் பொருத்தினார் ராய் என்ற ஒலிக்காரர். ஐம்பது வயது இருக்கும். சத்தம் போடாமல் வேலை செய்கிற மனிதர். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

புதிய கார்ப்பரலாக நடிப்பவர் ஓடி வந்தார். “என்னய்யா ஆச்சு இங்க?”

சிரில் ஒரு மூச்சு நிறுத்தினார். கையை விரித்தார். வாய் அழகாக அசைந்தது. ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. கடைசிச் சொல்லில் புருவத்தைக்கூடத் தூக்கினார்.

சத்தம் வரவில்லை.

“நிறுத்துங்க,” என்றார் பியர்ஸ். “ராய்?”

“ஒண்ணும் வரல. காத்து மட்டும்தான் வருது.” ராய் ஓடிப்போய் மைக்கை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். கோட்டுப் பொத்தானைத் தட்டிப் பார்த்தார். தட்டுவது கேட்டது.

இரண்டாவது டேக். அதே அழகு, அதே மௌனம். மூன்றாவது டேக்கில் ராய் காதிலிருந்து கருவியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “மைக் நல்லாத்தான் இருக்கு. அவரு... அவருக்குக் குரல் வருமில்ல?”

“காலையில என் காதுக்குள்ள கத்துனாரு,” என்றேன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேமரா ஓட ஆரம்பித்ததும் தொண்டை தானாக மூடிக்கொள்கிறது. நாற்பது வருடம் வாயை அசைத்துச் சத்தத்தை விழுங்கப் பழகிய மனிதர். மனசுக்குள் அவருக்கு அந்தச் சொற்கள் கேட்கின்றன. வெளியே வரவில்லை என்பது அவருக்கே தெரியாது. போய்ச் சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். ஃப்ளோரா என் முழங்கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் நோரீன், ப்ளீஸ். அலை ஏறுது, இன்னும் நாலு ஷாட் பாக்கி இருக்கு. பின்னால சரி பண்ணிக்கலாம்.”

பியர்ஸ் சிரிலிடம் போய்க் குனிந்து அவர் தோளைத் தொட்டார். “பிரமாதம் சிரில். ரொம்பப் பிரமாதம். நமக்குக் கெடைச்சிடுச்சு.” சுற்றியிருந்த முப்பது பேர் கைதட்டினார்கள். எங்கள் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவர் முகத்தைப் பார்த்து நன்றாக இல்லை என்று சொல்வதைவிடக் கடலில் விழுவார்கள்.

வண்டியில் சிரில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். “ஒரே மூச்சுல வந்துச்சு பாத்தியா? எழுபத்து மூணுல வந்த மாதிரியே.” இல்லத்துக்கு வந்ததும் க்ளெனிஸுக்கு அவரே எண்ணைச் சுழற்றினார். “சொல்லிட்டேன் கண்ணு. சொல்லிட்டேன்.”

நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

பிறகு கடிதம் வந்தது. சிரிலுக்குக் கண் புரை. அவருடைய தபால்களை நான்தான் படிப்பேன். தலைப்பில் படத்தின் பெயரைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு, “படி, படி,” என்றார். கடிதங்களை நான் உள்ளபடிதான் படிப்பேன். கூட்டி, குறைத்துப் படித்து எனக்குப் பழக்கமில்லை. ‘பதிவில் ஒலி அமையாததால், தங்கள் காட்சிக்கு வேறு ஒரு நடிகரின் குரலைப் பயன்படுத்தத் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறோம்.’

“அவங்க மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்ல சிரில். நீங்க சத்தமே போடல. ஒலிவ்கிட்ட வெளயாடுவீங்களே, அதே மாதிரி வாய மட்டும் அசைச்சீங்க. மூணு தடவையும்.”

“பொய்.”

“நான் பக்கத்துலயே நின்னேன்.”

அவர் மெதுவாகத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். “எனக்குக் கேட்டுச்சே நோரீன்,” என்றார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே கத்தல் ஆரம்பித்தது. “கயிறு இருக்கு கார்ப்பரல்!” சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு. தொண்டை திறந்தே இருக்க வேண்டுமாம், பழக்கம் போக வேண்டுமாம். படக்காரர்களுக்கு என்னைக் கடிதம் எழுத வைத்தார்: இன்னொரு முறை எடுங்கள், இல்லாவிட்டால் குரலையாவது எடுங்கள், வேறு ஆள் வேண்டாம். பதில் வரும்வரை கத்தினார். மூன்றாம் நாள் குரல் கம்மிவிட்டது, அப்போதும் விடவில்லை. ஒலிவ் என்னிடம் வந்து, “நான் கேலி பண்ணதுக்காகத்தான் இப்படிக் கத்தறாராடி? வேணும்னா மன்னிப்புக் கேட்டுடறேன், நிறுத்தச் சொல்லு,” என்றாள். அவளுக்கு நிஜமாகவே பயம்.

வாயில் உணவை வைத்துக்கொண்டே பேசினார். சாப்பிடும்போது பேசாதீர்கள் என்று நானும் மற்றவர்களும் நூறு தரம் சொன்னோம். ஐந்தாம் நாள் கஞ்சி தப்பான வழியில் போனது. அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் ஆம்புலன்ஸ். நிமோனியா, நான்கு வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது பதினொரு கிலோ குறைந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், முதுகெலும்புக் கடைசியில் ஒரு புண். குரல் என்று இருந்தது, ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.

ஃப்ளோரா நேர்மையாக நடந்துகொண்டாள். மார்ச்சில் ராயைக் கருவியோடு இல்லத்துக்கே அனுப்பினாள். ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டோம், காரிடாரில் தள்ளுவண்டிகளை நிறுத்தினோம், ஒலிவைப் பேசாமல் இருக்க வைத்தோம். இருப்பதிலேயே அதுதான் கஷ்டம். ஆக்ஸிஜன் இரைச்சல் பதிவாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் குழாயை எடுத்துவிட்டு, அவர் சொல்லி முடித்ததும் மாட்டினேன். விரலில் மாட்டியிருந்த கருவி காட்டும் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொரு தரம் சொன்னார். ‘கார்ப்பரல்’ என்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். ‘பலூன்’ வரை ஓரிரு தரம் போனார். எண்பத்திரண்டுக்கு இறங்கியதும் நான், “போதும்,” என்றேன்.

“இன்னொண்ணு.”

“போதும் சிரில்.”

“அவ வருவா நோரீன். இன்னொண்ணு.”

இன்னொன்றுக்கும் விட்டேன். அதற்கு மேல் விடவில்லை.

வாசலில் ராயிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. “சொல்ல விட மூச்சுதான் அதிகமாக் கேக்குது. அனுப்பி வெக்கறேன். முடிவு அவங்க கையில.”

செப்டம்பரில் ஊர்க்காரர்களுக்கென்று எங்கள் கடற்கரைத் திரையரங்கில் முதல் காட்சி போட்டார்கள். சனிக்கிழமை மதியம். அதற்கு முன்பே ஃப்ளோராவிடமிருந்து எனக்குத் தகவல் வந்திருந்தது: வேறு குரல்தான். அதை அன்றே சிரிலிடம் சொன்னேன். இந்த முறை தள்ளிப்போடவில்லை. க்ளெனிஸை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். வேற என்ன இருக்கு என்கிட்ட?” என்றார்.

க்ளெனிஸ் வந்தாள். சக்கர நாற்காலிக்கான ஓரத்து இடத்தில் சிரில், அவர் பக்கத்தில் அவள், அடுத்து நான். பின் வரிசையில் ஒலிவும் எங்கள் ஆட்கள் நான்கு பேரும். படம் சுமார். புதிய கார்ப்பரல் தேவைக்கு மேல் கத்தினார். ஐம்பது நிமிடம் போனதும் கடற்கரை வந்தது. போர்வையோடு சிரில், கையில் கயிறு. திரையரங்கே கைதட்டியது, ஒலிவ் விசிலே அடித்தாள். கார்ப்பரல் ஓடி வந்தார். சிரில் கையை விரித்தார்.

“கயிறு இருக்கு கார்ப்பரல். பலூனத்தான் காணோம்.”

தடித்த, சாராயம் குடித்துப் பழகிய குரல். லண்டன் பக்கத்துத் தெற்கத்திக்காரன் ஒருவன் எங்கள் வடக்கத்திப் பேச்சைப் பேசிக் காட்டுகிற குரல். ஜனங்கள் குலுங்கிச் சிரித்தார்கள். நான்கு விநாடி. அடுத்த காட்சியில் பலூன் தேவாலயத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

க்ளெனிஸ் திரும்பிப் பார்த்தாள். “இது உங்க குரல் இல்லியே.”

“இல்ல,” என்றார் சிரில். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் குனிந்து கேட்டாள்.

“ஆனா அன்னைக்கு நீங்க சொன்னது இதானா?”

“இதேதான். ஒரு சொல்லு மாறல.”

“இவ்வளவுதானா?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா. இவ்வளவுதானா அது?”

“இவ்வளவுதான்,” என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். கிளம்பிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நாற்காலியின் பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்து, அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஆக்ஸிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். வெளியே தூறல். கடற்கரைச் சாலையில் வறுத்த மீன் கடைக் கூரைக்குக் கீழே நாற்காலியை நிறுத்தினாள்.

“நீங்க பொய் சொல்றீங்கன்னே நெனச்சிட்டு இருந்தேன்,” என்றாள். “வசனமே இல்ல, வரதுக்குப் பயந்துட்டு இருந்துட்டீங்க, அத மறைக்கறீங்கன்னு. அப்படி இருந்தா பரவால்லன்னு வெச்சிருந்தேன். பயப்படறது மனுஷ சுபாவம். அம்மா ரெண்டு தடவ கேட்டா, ரயிலு எத்தன மணிக்குன்னு. வந்துட்டு இருக்குன்னு சொன்னேன். ரெண்டு தடவயும் சொன்னேன்.”

“எனக்குத் தெரியாது.”

“நான் சொல்லல. இப்பச் சொல்றேன்.”

சிரில் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிற்று. நான் குழாயின் அளவைக் கொஞ்சம் கூட்டினேன். “ரெண்டு மணி வண்டி இருந்துச்சு,” என்றார். “பிடிச்சிருக்கலாம். நான் பிடிக்கல.”

நாற்பத்திரண்டு வருடத்தில் வசனத்தைச் சேர்க்காமல் அவர் அந்த நாளைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. க்ளெனிஸ் அவர் தோளில் கை வைக்கவில்லை, அழவும் இல்லை. என்னிடம், “இவருக்குக் குளிரும், உள்ள கூட்டிட்டுப் போகலாமா?” என்றாள்.

இல்லத்தில் அவரைப் படுக்க வைத்த பிறகு அவர் அவளிடம் ஒன்று கேட்டார். “மிச்சத்தயும் சொல்லும்மா. ரெண்டு மணிலேருந்து.”

“எதுக்கு?”

“நான் இல்லையே.”

ஈனிட் இறந்த அந்த நாளை, மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றே கால் வரை, அவள் அன்று சொன்னாள். எந்த நர்ஸ் வந்தாள், என்ன ஊசி, அம்மா தண்ணீர் கேட்டாள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். மன்னித்துவிட்டதால் சொல்லவில்லை என்று வாசலில் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். “அவருக்கு வலிக்கட்டும்னுதான் சொல்றேன்.” சரி என்றேன். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும். அவர் குறுக்கே பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்த நாளின் ஆறே முக்கால் வரை வந்திருந்தார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மாத்திரையோடு போனபோது சிரில் இறந்திருந்தார். இதயம். உடம்பு இன்னும் முழுதாகக் குளிரவில்லை.

க்ளெனிஸ் மதியம் வந்தாள். உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் படுக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மறுநாளே அந்த அறைக்கு வேறு ஆள் வர வேண்டியிருந்தது. அவள் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்துச்சு நோரீன்.”

“ஆமா.”

“யார்கிட்டயும் அத நான் சொன்னதே இல்ல. யாரும் கேட்டதும் இல்ல.”

“சொல்லுங்க,” என்றேன். “எனக்குக் கை வேலையா இருக்கும், காது கேக்கும்.”

அவள் ஆறே முக்காலிலிருந்து ஆரம்பித்தாள். நான் மெத்தையைத் துடைத்தேன், உறையை மாற்றினேன், தலையணையை வெயில் விழும் பக்கம் வைத்தேன். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். அம்மா இறந்த ஏழு ஐம்பதுக்கு அவள் வரும்போது புதிய விரிப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. அவள் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக இழுத்து மடித்துச் செருகினோம்.